மோளம் இல்லாத சாவு

“மோளக்காரங்கள இன்னாத்துக்குடா திருப்பி அனுப்ச்ச?”

கெங்கம்மா போட்ட சத்தத்தில் விம்கோ நகரின் அந்தத் தெருவே திரும்பிப் பார்த்தது.

அவள் அண்ணன் நீலமேகம் பாடையில் கிடந்தார். தெருவில் யார் செத்தாலும் மோளத்துக்கு முன்னால் முதல் ஆளாக நின்று ஆடிய மனுஷன். அவருக்கே இன்று மோளம் இல்லை, வெடி இல்லை. பெற்ற மகன் அன்பரசனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

“அமைதியா எடுத்துகினு பூடலாம் அத்த.”

“அமைதியாவா? எங்கண்ணன் இன்னா அநாதப் பொணமா?”

சாவுக்கு வந்தவர்களுக்கு வாய்க்கு வேலை கிடைத்தது. “கடைசி காரியத்துலயும் கஞ்சத்தனம்,” என்றார் ஒருவர், அவன் காதில் விழட்டும் என்றே.

அன்பரசனின் கண் பாடையின் தலைமாட்டுக்கே போய்ப் போய் வந்தது. அங்கே கெங்கம்மாவின் மகள் எழில்மொழி, மாமன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சாவுச் சேதி கேட்டு நேற்று மயங்கி விழுந்தவள். அன்பரசன்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். ‘சாப்பிடாத மயக்கம்’ என்று வந்து சொன்னான்.

“நீ செய்யாட்டி போ. நான் செய்றேன்.”

கெங்கம்மா தானே வாங்கி வைத்திருந்த ஆயிரம் வாலா வெடிச் சரத்தைத் தெருவில் பிரித்துப் போட்டாள். தீக்குச்சியைக் கிழித்தாள்.

அன்பரசன் பாய்ந்து வந்து எரிகிற குச்சியைக் கையாலேயே பொத்தி அணைத்தான்.

பளாரென்று ஓர் அறை விட்டாள் கெங்கம்மா. “நல்லா வேணும்,” என்றது கூட்டம்.

அவன் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. அவள் கையைப் பிடித்துத் தண்ணீர் டேங்க் மறைவுக்கு இழுத்துப் போனான்.

“அத்த, சத்தம் போடாம கேளு. எழிலு நேத்து பசியில மயங்கி வியல. அவ நெஞ்சுல கோளாறு கீதாம்.”

“இன்னாடா சொல்ற?”

“அதிர்ச்சி வந்தா உடம்புல அட்ரினலின்னு ஒண்ணு சுரக்குமாம். அது போயி நெஞ்சுல கீற செல்லுங்களோட கதவத் தொறந்து, கால்சியத்த உள்ள வுடுமாம். நமக்கு அளவா வுடும். அவளுக்கு அளவு தாண்டிப் பூடுதாம். ஒரு வெடிச் சத்தம் போதும், நெஞ்சே நின்னுடலாம்னு சொன்னாரு டாக்டரு. மாமாவ வழியனுப்பாம அட்மிட் ஆவ மாட்டேன்னு இவ ஓடியாந்துட்டா. பொணத்த எடுத்ததும் இட்டுகினு போயி சேக்கணும்.”

“இத்த அங்கியே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?”

“அட்மிட் ஆவணும்னு மட்டுந்தான் அவளுக்குத் தெரியும் அத்த, நெஞ்சுல கோளாறுன்னு தெரியாது. கேட்டா பயந்துடுவா. பயமும் அதே கதவத்தான் தொறக்குமாம்.”

கெங்கம்மா தொண்டை வரை வந்த ஒப்பாரியை முந்தானையால் வாயைப் பொத்தி விழுங்கினாள். அண்ணனுக்காக இனி வாய்விட்டு அழவும் முடியாது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, சரத்தைச் சுருட்டினாள்.

“இன்னாம்மா, கொளுத்தலியா?” என்றாள் எழில்மொழி.

மொத்தக் கூட்டமும் காதைத் தீட்டிக்கொண்டது.

கெங்கம்மா மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

“வேணாம் கண்ணு. எங்கண்ணனுக்குச் சத்தம்னாவே ஆவாது.”