கியர் பாக்ஸ் இருக்கட்டும்

“கரண்ட் மோட்டாருக்கு கியரே வேண்டாம் சார். அதைக் கழட்டிட்டு மோட்டாரை நேரா பின் சக்கரத்தோட சேத்துட்டா, வண்டி சத்தமே இல்லாம போகும்,” என்று மூன்றாவது முறையாக போனில் சொன்னார் மெக்கானிக்.

“கியரும் கிளட்சும் இருக்கட்டும். மோட்டாரும் கொஞ்சம் சத்தம் போடுறதா பாருங்க.” பழைய பெட்ரோல் காரை கரண்டுக்கு மாற்றக் கொடுத்திருந்த சொந்தக்காரர் ஒற்றைக்காலில் நின்றார்.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு அப்படியே செய்து முடித்தார்.

வண்டி எடுக்க, மனைவியின் தோளைப் பிடித்தபடி வந்தார் சொந்தக்காரர். கையில் வெள்ளைக் கோல். மனைவி ஸ்டியரிங் முன் உட்கார, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கியரைத் தடவிப் பிடித்தார்.

“பார்வை போனதுலேர்ந்து இப்படித்தாங்க,” என்றாள் மனைவி. “நான் கிளட்சை மிதிப்பேன். சத்தத்தைக் கேட்டு இவர் கியர் போடுவார்.”

வண்டி வாசலைத் தாண்டியது. மோட்டாரின் சத்தம் ஏறியதும் உள்ளிருந்து ஓர் அதட்டல் கேட்டது.

“மிதிம்மா, ரெண்டாவது போடணும்!”