காஜா பெராங்கிற்கு முப்பது கொடிகள்

மலாக்காவிலிருந்து கிள்ளானுக்குப் போகும் பஸ்ஸில், சந்திரமதி மடியில் அலங்காரக் கொடித் துணியைப் பரப்பித் தைத்துக்கொண்டே வந்தாள். நாட்டின் சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

போர்ட் டிக்சனில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த ரஹீமாவால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு கொடியில் பாத்திக் எனும் மலாய்ச் சித்திரத் துணியைப் பூப்பூவாக வெட்டி ஒட்டுத்தையல் போட்டிருந்தது. இன்னொன்றில் பட்டுநூல் வேலை, ஓரமெல்லாம் பாசிமணி.

"எல்லாம் உங்க கையாலயா அக்கா? ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே."

"ஆமாம்மா. மலாக்காவுல, காஜா பெராங்ல எங்க தெரு முழுக்கக் கட்டறதுக்கு முப்பது கொடி. இன்னும் ரெண்டு பாக்கி."

"அதை ஏன் பஸ்ல வச்சுத் தைக்கிறீங்க?"

"சாயங்காலம் இதே பஸ் மலாக்காவுக்குத் திரும்புது. கண்டக்டர் எங்க தெருக்காரர். அவர்கிட்டக் கொடுத்தனுப்பணும்."

"நீங்க எப்பத் திரும்புறீங்க? கட்டும்போது பார்க்கணுமே."

சந்திரமதி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இல்லம்மா. எங்க வீட்டுக்காரருக்கு இங்க வேலை முடிஞ்சுபோச்சு. நாளைக்குக் கிள்ளான் துறைமுகத்துலேர்ந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். இருபத்திரண்டு வருஷம் இருந்தாச்சு, இனி வரமாட்டோம்."

முன் சீட்டில் இருந்த அவள் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரஹீமா மெதுவாகச் சொன்னாள்: "நானா இருந்தா அழுதுக்கிட்டேதான் வந்திருப்பேன் அக்கா."

"அழறதுக்குக் கப்பல்ல ஏழு நாள் இருக்கும்மா. கிள்ளான் வர்றதுக்குள்ள இது முடியணும்."

ரஹீமா பாக்கியிருந்த இரண்டில் ஒன்றை எடுத்துத் தன் மடியில் விரித்துக்கொண்டாள்.

"இன்னொரு ஊசி இருக்கா அக்கா?"