போனைத் திறக்க மாட்டேன்

"மாட்டேன் மேடம். அந்தரங்கம் என் அடிப்படை உரிமை. போனைத் திறக்கவே மாட்டேன்!"

பெங்களூரு விமான நிலையச் சுங்கப் பிரிவே திரும்பிப் பார்த்தது. அதிகாரி ரக்ஷிதா திகைத்தாள். எதிரே நின்ற, அதே ஊர் பிரேசர் டவுன்காரர் சில்வெஸ்டரிடம் பெட்டியைத் திறக்கத்தான் சொல்லியிருந்தாள்.

"சார், நான் போனையே கேட்கலையே?"

"கேட்டாலும் பாஸ்வேர்டு சொல்ல மாட்டேன். உள்ளே என்ன இருக்குன்னும் சொல்ல மாட்டேன்!" என்றவர், போனை மேசைமேல் வைத்து அவள் பக்கமாகவே தள்ளினார்.

பெட்டியைக் குடைந்தாள். கொழும்பிலிருந்து வந்தவரிடம் ஒரு சட்டையும் பல் பிரஷும் மட்டுமே இருந்தன. சட்டம் பேசுகிறவரிடம் எதற்கு வம்பு?

"உங்க உரிமை சார். கிளம்புங்க."

சில்வெஸ்டரின் முகம் தொங்கிப்போனது. "என்னம்மா, இவ்ளோ கத்தறேன், ஒரு சந்தேகம்கூட வரலையா? மெஷின்ல போட்டுத் திறந்து பாருங்கம்மா!"

"எதுக்கு சார்?"

"பாஸ்வேர்டு மறந்துபோச்சு. கடையில திறந்தா எல்லாமே அழிஞ்சிடுமாம். அழியாம திறக்கிற மெஷின் உங்ககிட்டதான் இருக்குன்னாங்க. உங்ககிட்ட மாட்டணும்னுதானேம்மா கொழும்புக்கே போயிட்டு வர்றேன்!"