சீட்டின் உயரம்

கிணற்றைத் தூர்வாரியபோது பரமனின் சைக்கிள் மட்டும் சேற்றோடு மேலே வந்தது. விடிகாலையில் அவன் அதில் ஏறி ஊரைவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்ததாக அவன் தம்பி நல்லையா, பரமன் காணாமல்போன அன்றைக்குச் சொல்லியிருந்தான். ஊர் நம்பியது. நானும்தான் நம்பித் தொலைத்தேன்.

இன்று நல்லையாவே அதை என் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். "பிரிச்சுக் குடுங்கண்ணே, எடைக்குப் போட்ருவோம். மதினி பாத்தா அழும்."

சீட்டு போல்ட் துருவேறி இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிச் சுத்தியலால் தட்டினேன், அசையவில்லை. பரமன் குள்ளம், நல்லையா நெட்டை. இரவல் வாங்கும்போதெல்லாம் தம்பி சீட்டை ஏற்றிவிடுவான், அண்ணன் திட்டிக்கொண்டே இறக்குவான். அந்தச் சண்டை என் கடை வாசலில்தான் நடக்கும்.

பரமனின் மனைவி பொன்னுத்தாய் வந்து சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். அது அவள் நெஞ்சுக்கு நேராக, ஏற்றி வைத்த இடத்திலேயே துருப்பிடித்து நின்றது.

"அண்ணே, அந்த போல்ட்டைத் தொடாதீக" என்றவள், நல்லையாவிடம் திரும்பினாள். "தம்பி, இதுல ஒருதடவ ஏறி உக்காரு."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அவன் ஏறுவதற்காக ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.