கையில் கொடுக்காத கன்று

"இல்லண்ணே. கருவேப்பிலக் கன்னு நான் யாருக்கும் குடுக்கிறதில்ல."

வீரம்மா அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஈரத்துணியை உதறிக் கொடியில் போடத் தொடங்கிவிட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற டொமினிக்குக்கு முகம் சுருங்கிப் போனது.

அவள் வீட்டுப் பின்னால் தொட்டியும் டின்னுமாகக் காலடி வைக்க இடமில்லாமல் செடிகள். ஒரு கன்றைக் கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

மனைவி கெர்ட்ரூட் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் இன்னொருவரிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது. மலேசியாவில், செமோர் ஊரின் அந்தத் தாமான் குடியிருப்பு வீட்டில் இப்போது அவர் தனி ஆள். மகள் ட்ரேசி சிங்கப்பூரில். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவாள். மற்ற நாட்களில் துணைக்கு டிவி இருந்தது. அது பேசும், இவர் பேசினால் கேட்காது.

கெர்ட்ரூட் மீன் குழம்பு வைத்தால் வாசனை தெருமுனை வரைக்கும் வரும். அதில் பாதி அவள் பின்னால் வளர்த்த செடிகளின் வாசனை என்பது, அவள் இல்லாத பிறகுதான் இவர் மண்டையில் ஏறியது. அதற்குள் தண்ணீர் இல்லாமல் அத்தனையும் கருகிப் போயிருந்தன. அப்போது கவிழ்த்து வைத்த தொட்டிகளை நிமிர்த்தித்தான் இப்போது இந்தப் புது விவசாயம். அந்த வாசனை ஒரு தடவையாவது வீட்டுக்குள் திரும்ப வரவேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கொத்தமல்லியை உடைக்காமல் முழு விதையாக அள்ளிப் போட்டார். முளைக்கவில்லை. புதினாவுக்கு நினைத்தபோதெல்லாம் தண்ணீர் ஊற்றினார். அழுகிவிட்டது. பாசாரில் வாங்கிய கருவேப்பிலைக் கட்டைப் பிரித்து, முருங்கைக் கொம்பு நடுவது மாதிரி ஒவ்வொரு ஈர்க்காக மண்ணில் குத்திவைத்தார். காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதைச் சொல்லிச் சிரிக்கக்கூட வீட்டில் ஆள் இல்லை.

அதன் பிறகுதான் மானத்தை விட்டுக் கேட்டார். கெர்ட்ரூட் இருந்த காலத்தில் இந்த வேலிக்கு மேல் குழம்புக் கிண்ணம் போய்வராத நாளில்லை. அவள் போனதும் உறவும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வீரம்மா வேலியோரம் வந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "அண்ணே, நான் கோயிலுக்குப் போறேன். வர மத்தியானம் ஆயிரும். பின் கேட்டுப் பூட்டு ரோசாக் லா, சும்மா சாத்தி வச்சிருக்கேன்."

பூட்டுக் கெட்டுப்போன கதையைத் தன்னிடம் எதற்குச் சொல்கிறாள் என்று டொமினிக் யோசிக்கவில்லை. ஆத்திரம் யோசிக்க விடவில்லை. அவள் மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கியதும் பின் சந்து வழியாகப் போனார். கேட்டை ஒட்டியே ஒரு பழைய பால்மாவு டின்னில் கருவேப்பிலைக் கன்று ஒன்று தனியாக நின்றது. துண்டைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்குள் வந்ததும் கதவைத் தாழ்போட்டார்.

கன்று பிடித்துக்கொண்டது. இந்த முறை அளவாகத் தண்ணீர் விட்டார், அளவாக வெயில் காட்டினார். புதுக் கொழுந்து வந்த அன்று குனிந்து அதனோடு பேச ஆரம்பித்தார். திருட்டுக் கன்று என்ற நினைப்பு வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

மாதா கோயில் பூசையில் எல்லோரும் நற்கருணை வாங்க எழுந்தபோது, திருடிய கையோடு எப்படி வாங்குவது என்று அவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். வீரம்மாவின் தலை தெரிந்தாலே வீட்டுக்குள் போய்விடுவார். இருந்த ஒரே பக்கத்து வீட்டையும் தானாகவே அடைத்துக்கொண்டோமே என்று வெட்கமாக இருந்தது.

முதல் கொத்தைக் கிள்ளிப்போட்டு மீன் குழம்பு வைத்தார். வாசனை வந்தது. ஆனால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. குழம்பில் பாதியைக் கிண்ணத்தில் ஊற்றி ஒரு கையிலும், டின்னோடு கன்றை மறுகையிலும் எடுத்துக்கொண்டு வீரம்மா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வீரம்மா, இத ஒன் வீட்லேர்ந்து நான் திருடிட்டேன். மன்னிச்சிரும்மா."

வீரம்மா சிரித்துவிட்டாள். "தெரியும்ண்ணே. கேட்டத் தொறந்துபோட்டுட்டுப் போனது யாரு? கருவேப்பில கையில குடுத்தா பட்டுப்போயிரும். தெரியாம எடுத்து வச்சாத்தான் பிடிக்கும். எஸ்டேட்ல பொறந்தவங்க எல்லாருக்கும் தெரியும். நீங்க டவுன் ஆளு."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லிட்டா அப்புறம் அது எப்பிடித் திருட்டாகும்?"

டொமினிக்குக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. ஆனாலும் அடுத்தவர் பொருள் வேண்டாம், வைத்துக்கொள் என்று டின்னை நீட்டினார்.

அவள் டின்னைத் தொடவில்லை. கிண்ணத்தை மட்டும் வாங்கி முகத்தருகே கொண்டுபோனாள்.

"அது என்னோடது இல்லண்ணே. அக்கா போனப்புறம் தண்ணி ஊத்தாமக் காயவிட்டீங்களே, அந்தத் தொட்டிலேர்ந்து நான் திருடிட்டு வந்தது."