பத்திரிகை வைக்காத ஊர்

சாவி கைக்கு வந்துவிட்டது. மாடிப்படி நான்கடி தள்ளி இருந்தது.

அப்போதுதான் லாட்ஜ் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த பெரியவர் செய்தித்தாளைத் தாழ்த்தி அவனைப் பார்த்தார்.

“நமக்கு எந்தூருங்க தம்பி? பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சாட்டம் இருக்குது.”

பக்கத்தில் நின்ற அவன் மனைவிக்குத் திக்கென்றது.

வாசலில் நின்ற போர்வெல் லாரியை உள்ளே வரும்போதே கவனித்திருக்க வேண்டும். திருச்செங்கோட்டு வண்டி. பூமி எங்கே காய்ந்தாலும் அங்கே போய் நிற்கும். கர்நாடகத்தின் வடகோடியில் இருக்கும் பீதரை மட்டும் விட்டுவிடுமா என்ன.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். ஊர் சுற்றவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சென்னை, பெங்களூர், மும்பை, டெல்லி எல்லாம் பார்த்தாயிற்று. எல்லா இடத்திலும் அவன் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் இருக்கும் ஊரில் லாட்ஜில் தங்கினால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

ஆண்களுக்குக் கூடத்தில் பாய். பெண்களுக்கு உள்ளறை.

தாஜ்மகாலை ஒன்பது பேரோடு பார்த்தாள். மும்பை என்றால் அவளுக்குக் கடல் நினைவுக்கு வராது. பக்கத்தில் படுத்திருந்த சின்ன மாமியாரின் குறட்டைதான் வரும்.

அதனால் இந்த முறை அவள் வரைபடத்தைப் பார்க்கவில்லை. கொழுந்தனார் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க எழுதிய நோட்டைப் பார்த்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு வீடு. பெங்களூருக்கு மட்டும் நான்கு பக்கம். பீதருக்கு ஒரு வரிகூட இல்லை.

சின்ன ஊர். ஒரு பழைய கோட்டை. அவனும் அவளும்.

காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. அவன் கூடத்தில் படுத்தாலும் சிரித்துப் பேசிக்கொண்டே தூங்கிவிடுகிற ஆள். ஊர் எது என்று யாராவது கேட்டால் போதும், தோட்டம், கிணறு, தாய்மாமன் வரை ஒப்பித்துவிட்டுத்தான் மூச்சு விடுவான். பிறகு காபி. பிறகு சாப்பாடு.

பிறகு பாய்.

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் அவன் வாயைத் திறந்துவிட்டான்.

“ஊருன்னு எதுவும் இல்லீங்க. எங்களுக்குச் சொந்தபந்தம்னு யாருமே கெடையாதுங்க.”

அறுநூற்றுப் பன்னிரண்டு வீடும் ஒரே மூச்சில் போயிற்று. அதையும் அச்சு அசல் ராசிபுரத்துப் பேச்சில் சொன்னான்.

பெரியவர் அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். செய்தித்தாளை முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டார். தாள் கொஞ்சம் குலுங்கியது.

அவன் இரண்டிரண்டு படியாக ஏறினான். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் பின்னால் போனாள்.

அறையில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள், ஆளுக்கொரு சுவரோரம்.

தோளில் இருந்த பையைக்கூட அவன் இறக்கி வைக்கவில்லை. குனிந்து ஒரு கட்டிலை இழுக்கத் தொடங்கினான்.

அவள் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்தாள்.