அவள் தலையில் பஞ்சு

வேலை முடிந்து வந்த மனைவியின் தலையெல்லாம் வழக்கம்போல் பஞ்சு. கணவன் ஒவ்வொரு துணுக்காக எடுக்க எடுக்க, அவளுக்குக் கண் சொக்கியது.

"மேகத்தையே தலையில தூக்கிட்டு வந்திருக்கே. இன்னிக்கும் நூல் மில்லுல வேலை ஜாஸ்தியா?"

"மூச்சு விட நேரமில்லைங்க. சம்பளம்தான் பாதியாயிடுச்சு."

"என்னை மாதிரி உன்னையும் வீட்டுக்கு அனுப்பிடப் போறாங்க."

"வாயைக் கழுவுங்க! நான் போகலைன்னா மில்லே நின்னுடும்."

சொன்னவள் அப்படியே அவன் மடியில் தூங்கிப்போனாள். அவள் விரல்கள் யார் வீட்டுப் பாத்திரங்களையோ தேய்த்து ஊறிப்போயிருந்தன.

மில்லை இழுத்து மூடி ஒரு மாதமாகிறது. தனக்குத் தெரியும் என்று அவன் காட்டிக்கொள்ளவே இல்லை.

எடுத்த பஞ்சையெல்லாம் அவளுடைய தலையணையின் கிழிசலுக்குள் மெல்லத் திணித்தான். நாளைக்கும் அவள் அதிலிருந்துதானே பிய்த்துக்கொண்டு போக வேண்டும்.